உத்திரமேரூரின் குடவோலை விதிகள்

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரில், வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துத் தேர்தல் விதிகள் பொறிக்கப்பட்டுள்ளன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஊர்ச் சபையின் வாரியங்களில், அதாவது குழுக்களில், உறுப்பினராக விரும்புபவருக்குக் கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதக் கல்வி ஆகியவை வேண்டும். வயது வரம்பு பொ.ஆ. 919இல் 30 முதல் 60. இரண்டே ஆண்டுகளில் அது 35 முதல் 70 என மாற்றப்பட்டது.

கண்டிப்பெல்லாம் தகுதியின்மையில்தான். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். கடந்த மூன்று ஆண்டுகளில் பொறுப்பு வகித்தவருக்கும் இடமில்லை.

தகுதியுள்ளோர் பெயர்கள் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். அவன் எடுத்த ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டும். வேறு ஓலையை மறைத்துவைக்க வழியில்லை. இது பிராமணர் சபைக்குரிய ஏற்பாடு. ஊரார் அனைவருக்கும் வாக்குரிமை தந்த முறையன்று. தேர்வானவர் பதவிக்காலம் 360 நாள்.