முதியோர் இல்லத்தில் முதல் வேலை

(பரிசளிப்பு விழாவில் பள்ளியின் முன்னாள் மாணவி ஒருவர் ஆற்றிய உரை)

 

இந்த மேடையிலே டாக்டராவது எப்படி, வக்கீலாவது எப்படி என்று பேசிய பெரியவர்கள் பலர் உண்டு. அவர்களை நாம் போற்றுகிறோம். நான் பேச வந்திருப்பது வேறொரு வேலையைப் பற்றி. முதியோர் இல்லத்திலே பராமரிப்பாளர் வேலை. அதைத்தான் நான் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். இன்று பரிசு வாங்கிய பிள்ளைகளின் அண்ணன்மார்களும் அக்காமார்களும் பின்வரிசையிலே நிற்கிறார்கள். ஐந்தாம் படிவம் முடித்து, அடுத்து என்ன என்று யோசித்துக் கொண்டிருக்கும் அவர்களுக்காகவே முக்கியமாக இதைச் சொல்கிறேன்.

ஒரு பெண் வீட்டுக்கு வந்து, "அம்மா, எனக்கு வேலை கெடச்சிருச்சு, முதியோர் இல்லத்துல" என்று சொல்லிப் பார்க்கட்டும். "இதுக்கா ஒன்னைய பதினோரு வருசம் படிக்க வச்சோம்? பீ மூத்திரம் அள்ளுற வேலைக்கா?" என்று அம்மா கேட்பார். அப்பா ஒன்றுமே சொல்லாமல் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். எத்தனையோ வீடுகளில் இது நடக்கிறது. அந்த அம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. தான் பட்ட பாடு பிள்ளை படக்கூடாது என்ற எண்ணம் அது.

ஆனால் தாய்மார்களே, ஒன்றை எண்ணிப் பாருங்கள். விடியுமுன்னே பெரட்டுக்குப் போன நம் தாய்மார்கள், கைக்குழந்தையை எங்கே விட்டுவிட்டுப் போனார்கள்? ஆயாக் கொட்டகையிலேதானே! அங்கே இருந்த ஆயா, ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கால் கழுவி, சோறூட்டி, தொட்டிலாட்டினார். அந்த ஆயா இல்லாவிட்டால் ஒரு தாய் பால் வெட்டப் போயிருக்க முடியாது. அந்த வேலையை நாம் கேவலம் என்று சொன்னோமா? அன்று குழந்தைக்குச் செய்ததை இன்று கிழவிக்குச் செய்தால் மட்டும் அது எப்படிக் கேவலமாகும்?

நம் நாட்டிலே 60 வயதைத் தாண்டியவர்களை முதியோர் என்று கணக்கிடுகிறார்கள். 2030-ஆம் ஆண்டளவில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அந்த வயதினராக இருப்பார்கள் என்று மதிப்பிடப்பட்டுள்ளது. பிள்ளைகள் பட்டணத்திலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். வீட்டிலே ஆள் இல்லை. ஆதரவற்ற முதியோருக்காகச் சமூக நல இலாகா நடத்தும் ரூமா செரி கெனாங்கான் இல்லங்கள் செராஸ், தைப்பிங், பீடோங், சிரம்பான் முதலிய இடங்களில் உள்ளன. தனியார் இல்லங்களும் தொண்டு இல்லங்களும் பட்டணத்துக்குப் பட்டணம் இருக்கின்றன. ஆகவே இந்த வேலைக்கு ஆள் தேவைப்பட்டுக்கொண்டேதான் இருக்கும்.

வேலைக்குச் சேருமுன் சில காரியங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்பதிலே வெட்கம் வேண்டாம். முதலாவது, அந்த இல்லம் 1993-ஆம் ஆண்டின் பராமரிப்பு நிலையச் சட்டப்படி பதிவு பெற்றதா? இரண்டாவது, ஊழியர் சேமநிதி கட்டுகிறார்களா? ஐயாயிரம் ரிங்கிட் வரை சம்பளம் வாங்குபவருக்கு, சம்பளத்திலே நூற்றுக்குப் பதினொன்றை நீங்களும் பதின்மூன்றை முதலாளியும் கட்ட வேண்டும். மூன்றாவது, சொக்சோ உண்டா? ஆளைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொண்டால் அதுதான் கைகொடுக்கும். நான்காவது, சம்பளமும் வேலை நேரமும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025-ஆம் ஆண்டிலே 1,700 ரிங்கிட்டாக உயர்த்தப்பட்டது. 2023-ஆம் ஆண்டு தொடக்கம் வாரத்துக்கு 45 மணி நேரமே சாதாரண வேலை நேரம்; அதற்கு மேல் செய்தால் அது ஓவர்டைம். "சேவை மனப்பான்மையோட செய்யணும்மா" என்று சொல்லிச் சம்பளத்தைக் குறைப்பவர்களும் உண்டு. சேவை மனப்பான்மை நம்மிடம் இருக்கட்டும். சம்பளச் சீட்டும் கையிலே இருக்கட்டும்.

சரி, வேலைக்குச் சேர்ந்தாகிவிட்டது. முதல் நாள் காலை ஏழு மணி. கதவைத் திறந்ததும் வரும் வாடை வயிற்றைப் புரட்டும். இது எல்லோருக்கும் வருவது. ஒரு வாரம் பொறுத்துக்கொண்டால் பழகிவிடும். பால் வாடையும் ஒட்டுப்பால் வாடையும் பழகிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இது பெரிதல்ல.

ஒருவருக்குப் பெம்பர்ஸ் மாற்றும்போது முதலிலே திரையை இழுத்து மூடுங்கள். "பாட்டி, துடைச்சுவிடப் போறேன்" என்று சொல்லிவிட்டுத் தொடுங்கள். மூக்கைச் சுளிக்காதீர்கள். படுத்திருப்பவருக்கு உங்கள் முகம் நன்றாகத் தெரியும். எழுபது வயது வரை தன் சேலையைத் தானே கட்டிய ஒரு மனுசி, இன்று அடுத்தவர் கைக்குத் தன்னை ஒப்படைத்திருக்கிறார். அவருடைய மானம் உங்கள் கையிலே இருக்கிறது என்பதை மறக்காதீர்கள்.

படுத்தே கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்கச் சொல்வார்கள். ஏன்? ஒரே பக்கம் அழுந்தினால் அங்கே இரத்த ஓட்டம் குறைந்து தோல் செத்து, புண் வந்துவிடும். முதுகின் அடிப்பக்கம், இடுப்பு எலும்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் பாருங்கள். சிவந்திருந்தால் தேய்க்காதீர்கள், மேலதிகாரியிடம் சொல்லுங்கள். அன்றே கவனித்தால் ஆறிவிடும். விட்டுவிட்டால் எலும்பு வரை போய்விடும்.

சாப்பாடு ஊட்டுவதும் ஒரு வித்தைதான். படுக்க வைத்து ஊட்டக்கூடாது. நிமிர்த்தி உட்கார வைத்து, கரண்டியிலே கொஞ்சமாக எடுத்து, விழுங்கிவிட்டாரா என்று பார்த்த பிறகே அடுத்த வாய். சாப்பிட்டபின் அரை மணி நேரமாவது உட்கார்ந்தே இருக்கட்டும். அவசரப்பட்டால் உணவு மூச்சுக்குழலுக்குள் போய், நெஞ்சிலே சளி கட்டிக் காய்ச்சலாகி, உயிருக்கே ஆபத்தாகும்.

வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்தவருக்குச் சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். சக்கர நாற்காலிக்கு மாற்றுமுன் பிரேக்கைப் போட்டாயிற்றா என்று பாருங்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குங்கள். குளிக்க வைக்குமுன் தண்ணீரின் சூட்டை உங்கள் முழங்கையிலே பாருங்கள். யாராவது கீழே விழுந்தால் பதறிப் போய் உடனே தூக்காதீர்கள். எலும்பு முறிந்திருக்கலாம். பக்கத்திலேயே இருந்துகொண்டு மூத்தவரைக் கூப்பிடுங்கள்.

இனிப்பு நீர் உள்ள தாத்தா திடீரென்று வியர்த்து நடுங்கினால், சீனி இறங்கிவிட்டதோ என்று உடனே சொல்ல வேண்டும். வேலை மாறிப் போகும்போது, யார் சாப்பிடவில்லை, யார் வெளிக்குப் போகவில்லை என்பதை நோட்டிலே எழுதிவைக்க வேண்டும். இதற்கெல்லாம் படிப்பு வேண்டாமா? வாசிக்கவும் எழுதவும் கவனிக்கவும் இந்தப் பள்ளியிலே கற்ற பாடம் அங்கேதான் உதவுகிறது. ஆர்வமுள்ளவர்கள் இத்துறையிலே மலேசியத் திறன் சான்றிதழும் பெறலாம்.

பேச்சு எல்லாவற்றையும்விட முக்கியம். இல்லத்திலே சீனப் பாட்டி இருப்பார், மலாய்த் தாத்தா இருப்பார். "சுடா மாக்கான்?" என்று ஒரு வார்த்தை கேட்டாலே முகம் மலரும். காது மந்தமானவரிடம் கத்தாதீர்கள். முன்னால் நின்று, வாய் தெரியும்படி நிதானமாகப் பேசுங்கள். எல்லோரையும் தாத்தா என்று கூப்பிட வேண்டும் என்பதில்லை. ஒருவர் ஓய்வு பெற்ற ஆசிரியராக இருப்பார். "ஐயா" என்று அழைத்தால் நிமிர்ந்து உட்காருவார்.

மறதி நோய் வந்தவர்கள் நேற்று நடந்ததை மறந்து, ஐம்பது வருசத்துக்கு முந்தியதிலே வாழ்வார்கள். பின்னாளில் கற்ற மொழி மறைந்து, தாய்மொழி மட்டும் மிஞ்சுவதும் உண்டு. பால் வெட்டிய ஒரு பாட்டி விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து, "பெரட்டுக்கு நேரமாச்சு, என் உளிய எங்க வச்ச?" என்று தேடினால், "ஒனக்கு வேலையே இல்ல, படு" என்று அதட்டாதீர்கள். "இன்னிக்கு மழை பாட்டி, வேலை இல்லையாம். தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். அமைதியாகி உட்காருவார். மழை பெய்தால் பால் வெட்டு இல்லை என்பது தோட்டத்துப் பிள்ளைக்குத் தெரியும். வேறு யாருக்கு அது தோன்றும்? இந்த வேலைக்கு நம் பிள்ளைகள் கொண்டுபோகும் தனிச் செல்வம் இதுவே என்று சொன்னால் மிகையாகாது.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. ஒரு நாள் நீங்கள் காலையிலே போகும்போது, நேற்று உங்கள் கையாலே கஞ்சி குடித்தவரின் கட்டில் காலியாக இருக்கும். அன்று அழுகை வரும். அழுங்கள், தப்பில்லை. பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போங்கள். அங்கே ஒருவர் உங்களுக்காகக் காத்திருக்கிறார். 2020-ஆம் ஆண்டு மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்த பிறகு, எத்தனையோ முதியோர் தம் பிள்ளைகளின் முகத்தைக் காண முடியாமல் போனது. அப்போது பக்கத்திலே நின்றவர்கள் பராமரிப்பாளர்களே.

அவர்கள் காசையோ நகையையோ நீட்டினால் வாங்காதீர்கள். "பேத்திக்குக் குடுக்கிற மாதிரி" என்று சொன்னாலும் வேண்டாம். நல்ல பெயர் ஒரு முறை போனால் திரும்பாது. யாராவது ஒரு முதியவரை அடிப்பதைக் கண்டால் வாய்மூடி இருக்காதீர்கள். வேலை போனாலும் சரி, பொறுப்பானவரிடம் சொல்லிவிடுங்கள்.

பெற்றோர்களே, உங்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை வேலை முடிந்து வரும்போது "நாத்தம் அடிக்குது" என்று சொல்லாதீர்கள். "இன்னிக்கு யாருக்கும்மா சோறூட்டின?" என்று கேளுங்கள். அந்த ஒரு கேள்வி போதும், அவள் மறுநாளும் வேலைக்குப் போவாள். உங்கள் பிள்ளையின் நாற்பது வயதையும் உங்களின் எழுபது வயதையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள்.

மாணவச் செல்வங்களே, காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம் என்பார்கள். நீங்கள் சிரிக்காதீர்கள். வீட்டிலே தாத்தா பாட்டி இருந்தால், இன்று வாங்கிய பரிசை முதலில் அவர்கள் கையிலே கொடுத்துக் காட்டுங்கள். கண் தெரியாதவரானால் தொட்டுப் பார்க்கட்டும்.