இளைஞரும் முத்திரை சேகரித்தலும்

கடிதம் எழுதும் வழக்கம் அருகிவிட்ட இக்காலத்தில், முத்திரை சேகரிக்குமாறு இளைஞரைத் தூண்டுவது வற்றிய குளத்தில் வலை வீசச் சொல்வது போலத் தோன்றலாம். முன்னாளிலே தபாற்காரரின் மணியோசை கேட்டதும் சிறுவர் படலைக்கு ஓடுவர். இன்று அவர் கொண்டு வருவனவற்றுட் பல, வங்கிகளும் திணைக்களங்களும் அனுப்பும் உறைகள். அவற்றின் மூலையில் முத்திரைக்குப் பதிலாக இயந்திரம் பதித்த குறியொன்றே காணப்படும்.

ஆயினும், இத்தொழிலைத் தொடங்குவதற்கு இதனினும் ஏற்ற காலம் வாய்க்காது எனலாம். பழைய கடிதங்கள் இன்னும் பல வீடுகளிலே தகரப் பெட்டிகளிற் கிடக்கின்றன. அவற்றை எழுதியோரையும் பெற்றோரையும் நேரில் அறிந்தவர் சிலர் இன்னும் இருக்கின்றனர். வீட்டைப் புதுப்பிக்கும் ஆரவாரத்தில் அப்பெட்டி குப்பையோடு குப்பையாய் எரிக்கப்படுமாயின், அதனுள் இருந்ததை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

முத்திரை என்றதும் பலருடைய எண்ணம் பணத்திற் செல்கின்றது. அதற்குக் காரணமும் உண்டு. 1856ஆம் ஆண்டிலே பிரித்தானிய கயானாவுக்கு இலண்டனிலிருந்து வரவேண்டிய முத்திரைகள் வந்து சேரவில்லை. அங்குள்ள அச்சகமொன்று செந்நிறத் தாளிற் கறுப்பு மையால் அவசரமாகச் சில முத்திரைகளை அச்சிட்டுக் கொடுத்தது. அவற்றுள் ஒரு சத முத்திரை ஒன்றை 1873இலே பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் வீட்டுப் பழங்கடிதங்களிடையே கண்டெடுத்தான். மூலைகள் வெட்டுண்டு, அழுக்கேறி, பார்வைக்கு அழகில்லாத அம்முத்திரையை அவ்வூர்ச் சேகரிப்பாளர் ஒருவருக்கு ஆறு சிலிங்குக்கு விற்றுவிட்டான். 2021இலே நியூயோர்க்கில் ஏலம் விடப்பட்டபோது அதன் விலை எண்பது இலட்சம் டொலரையும் தாண்டியது. அவ்வகையில் எல்லோராலும் ஒப்புக்கொள்ளப்பட்ட வேறொரு முத்திரை உலகில் இல்லை.

சிறுவன் ஏமாந்தான் என்று இரங்குவோர் பலர். ஆனால் அவன் கைபட்டிராவிடின் அம்முத்திரை இன்று இருந்திராது என்பதே கவனிக்கத்தக்கது. மற்றபடி, பெருஞ்செல்வத்தை எண்ணி முத்திரை சேர்க்கப் புகுவோர் விரைவிற் சலிப்படைவர். உலகில் அச்சிடப்பட்ட முத்திரைகளுட் பெரும்பாலானவை மிக மலிவானவை. கையிற் சில்லறையே உள்ள மாணவனுக்கு அதனால் நன்மையன்றித் தீமை இல்லை.

முத்திரையின் வரலாறு மிகப் பழையதன்று. கடிதத்தைப் பெறுபவரே கூலி கொடுக்கும் வழக்கம் பிரித்தானியாவிற் பரவியிருந்த காலத்தில், அனுப்புபவரே சிறு தொகையை முன்கூட்டிச் செலுத்துவதே முறையென வாதாடி வென்றவர் ரோலண்ட் ஹில். அதன் பயனாக 1840ஆம் ஆண்டு மே மாதத்திலே விக்டோரியா இராணியின் தலையுருவோடு 'கறுப்புப் பென்னி' வெளிவந்தது. அதிலே நாட்டின் பெயர் இல்லை. இன்றுவரை பிரித்தானிய முத்திரைகளில் நாட்டின் பெயர் பொறிக்கப்படுவதில்லை. முந்திக்கொண்டவரின் சலுகை அது.

இலங்கையின் முதல் முத்திரை 1857ஆம் ஆண்டு ஏப்ரல் முதலாந் திகதி வந்தது. ஆறு பென்ஸ் பெறுமதியுடைய அதனை, கறுப்புப் பென்னியை அச்சிட்ட அதே இலண்டன் நிறுவனம் அச்சிட்டது. பென்ஸ் கணக்கு 1872இல் மறைந்து சதக் கணக்கு வந்தது. இரு காலத்து முத்திரைகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் மாணவனுக்கு, ஒரு நாட்டின் நாணயமுறை மாறிய செய்தியை வேறொருவர் சொல்ல வேண்டியதில்லை.

ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் இலங்கை முத்திரைகளில் அரசர் தலையே பெரிதும் ஆட்சி செய்தது. 1935இலே தொடங்கிய வரிசையில்தான் நாடு கண்ணிற் படுகின்றது. இறப்பர் பால் எடுத்தல், சிவனொளிபாதமலை, கொழும்புத் துறைமுகம், தென்னந்தோப்பு, பழைய குளம், காட்டு யானை, திருகோணமலை எனக் காட்சிகள் விரிகின்றன. தேயிலை கொய்யும் காட்சியும் அவற்றுள் ஒன்று. கூர்ந்து நோக்கும் இளைஞன் இங்கே சற்றுத் தயங்கி நிற்பான். நாட்டின் பெருமையாக முத்திரையில் ஏறியது மலைநாட்டுத் தொழிலாளரின் உழைப்பு. அவருட் பெரும்பாலோரை 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. அடுத்த ஆண்டு, 1949 பெப்ருவரியில், சுதந்திரத்தின் முதலாண்டு நிறைவுக்கு முத்திரைகள் வெளியாயின. இவ்விரண்டையும் ஒரே பக்கத்தில் ஒட்டிவைத்தால், அதன் கீழே என்ன எழுதுவது என்ற கேள்வி தானே எழும். அக்கேள்விக்கு விடை தேடி நூலகத்துக்குப் போகும் மாணவன் முத்திரையால் நடத்தப்பட்டவனே.

வீட்டுப் பெட்டிகளிற் கிடைப்பவை இதனினும் நெருக்கமாகப் பேசுவன. பிரித்தானியர் காலத்தில் யாழ்ப்பாணத்தவர் பலர் புகையிரதப் பகுதியிலும் எழுதுவினைஞர் பதவிகளிலும் வேலை தேடி மலாயா சென்றனர். அவர் அனுப்பிய உறைகளிற் பாயும் புலியின் உருவுடைய முத்திரைகளைக் காணலாம். அவை மலாயக் கூட்டு மாநிலங்களுக்குரியவை. உறைகளைத் திகதி வரிசைப்படி அடுக்கினால் 1942இன் தொடக்கத்தோடு வரிசை அறுபடும். அவ்வாண்டு பெப்ருவரியிற் சிங்கப்பூர் யப்பானியர் வசமாயிற்று. அவர்கள் பழைய முத்திரைகளின் மேல் யப்பானிய எழுத்தைப் பதித்து அந்நாட்டினுள் வழங்கினர். '2602' என்ற எண்ணையும் சிலவற்றிற் காணலாம். அது யப்பானியர் கணக்கில் 1942ஆம் ஆண்டு. பின்னர் 1945இற்குப் பிந்திய உறைகளில், பிரித்தானியப் படை நிருவாகத்தைக் குறிக்கும் மூன்று ஆங்கில எழுத்துகள் பதித்த முத்திரைகள் தோன்றும். இடையிலுள்ள மூன்றரை ஆண்டுகள் வெறுமை. மகன் இருக்கின்றானா இல்லையா என்று அறியாமல் ஒரு தாய் காத்திருந்த காலம் அவ்வெறுமையில் அடங்கியிருக்கின்றது.

இக்காரணத்தால், பழைய உறை கிடைத்தவுடன் கத்தரிக்கோலை எடுப்பது பெருந்தவறு. முத்திரையை மட்டும் வெட்டி எடுத்தால், அனுப்பிய ஊரையும் திகதியையும் காட்டும் தபாற் குறி பாதியாய்ப் போய்விடும். பழைய உறைகளை முழுமையாகவே பேண வேண்டும். கடிதம் உள்ளே இருப்பின் அதையும் பிரிக்கலாகாது. தனித்தனியே எடுக்கத்தக்கவை அண்மைக்காலத்துச் சாதாரண உறைகளின் முத்திரைகளே. அவற்றைச் சுற்றியுள்ள கடதாசியோடு வெட்டி, சுத்தமான நீரில் மிதக்க விட்டால் சிறிது நேரத்திற் பசை இளகித் தாமே கழன்றுவிடும். விரலால் உரிக்கக் கூடாது. கழன்றவற்றை ஒற்றுத்தாளில் முகங்கவிழ உலர்த்தி, பாரமான நூலொன்றின் கீழ் வைக்கலாம். தற்காலத்தில் உரித்து ஒட்டும் முத்திரைகளும் உலகெங்கும் வழங்குகின்றன. அவற்றுட் பல நீருக்கு மசியா. அவற்றைக் கடதாசியோடு விட்டுவிடுதல் நன்று.

கருவிகள் அதிகம் வேண்டா. ஒரு சாமணம், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, முத்திரைகளைச் செருகி வைக்கும் ஏடு ஆகியன போதும். ஓரத்துத் துளைகளை இரண்டு சதம மீற்றருக்கு எத்தனை என்று எண்ணுவது சேகரிப்போர் வழக்கம். ஒரே படமுடைய இரு முத்திரைகள் வெவ்வேறு காலத்தன என்பதை அந்த எண்ணிக்கை சில வேளைகளிற் காட்டிக்கொடுக்கும். உலகம் முழுவதையும் சேர்க்க முயல்வதிலும் ஒரு நாட்டையோ, பறவைகள், புகையிரதங்கள் போன்ற ஒரு பொருளையோ பற்றிக்கொள்வது மேல். எல்லாவற்றையும் அள்ளிக் குவிப்பவனிடம் பெரிய குவியல் இருக்கும். அதிலே எது எங்கே என்பது அவனுக்கே தெரியாது.

இந்நாட்டுச் சேகரிப்பாளரின் உண்மையான பகை ஈரப்பதன். மாரிக் காலத்திலே பயன்படுத்தாத முத்திரைகளின் பசை இளகி ஏட்டோடு ஒட்டிக்கொள்ளும்; தாளிற் கபிலநிறப் புள்ளிகள் தோன்றிப் பரவும். ஏட்டைச் சுவரோரம் வைக்காமலும், படுக்கையாக அடுக்காமல் நிறுத்தியும், காற்றோட்டமுள்ள அலுமாரியிற் பேண வேண்டும். வறண்ட நாளொன்றில் நேர் வெயில் படாத இடத்தில் வைத்து ஏடுகளைப் புரட்டிக் காற்றாட விடுவதும் அவசியம். முழு உறைகளுக்கு வேறொரு வேலையும் உண்டு. எழுதியவர் யார், யாருக்கு உறவு, எந்த ஊரில் என்ன தொழில் பார்த்தார் என்பவற்றை வீட்டு முதியோரிடம் கேட்டு, தனித்தாளில் எழுதி, உறையோடு வைக்க வேண்டும். உறையின் மேலே எழுதலாகாது. முதியோர் களைப்பின்றி இருக்கும் மாலைப்பொழுது அதற்கு ஏற்றது. ஒரு நாளைக்கு இரண்டு மூன்று உறைகளுக்கு மேல் எடுத்துச் செல்லாமலிருப்பதும் நல்லது.