பழைய கைத்துப்பாக்கியா, புதியதா?

ஜான் பிரௌனிங் வகுத்த கைத்துப்பாக்கியை அமெரிக்கச் சேனை 1911-இல் ஏற்று, 1985-இல்தான் வேறொன்றைத் தேர்ந்தது. அதன் பழைய உருவை வாங்குவதா, திருத்திய உருவையா என்று அந்நாட்டார் இன்றும் வாதிடுகின்றனர். பழையதன் வடிவழகை நாம் மறுக்கவில்லை. ஆயினும் குறிபார்க்கும் முனை மிகச் சிறியது. மங்கிய ஒளியில் புலப்படாது. சுடும்போது பின்சாயும் சுத்தியல், பருத்த கையினராயின் கட்டைவிரலடிச் சதையைக் கடித்துவிடும். கடிபட்டவர்க்கே அதன் அருமை தெரியும்! முதல் உலகப்போரில் கண்ட குறைகளை எண்ணிச் சேனையே 1920-களில் முனையை அகலமாக்கி, விரலுக்கெட்ட விசையைக் குறுக்கி, பிடியின் மேலுள்ள காப்புத் தகட்டை நீட்டியது. இன்றைய உருவங்களும் அவ்வழியே செல்கின்றன. உள்ளியக்கம் பெரும்பாலும் பிரௌனிங்கினுடையதே. பெட்டியில் வைத்துப் போற்றுவோர் பழையதைக் கொள்க. இலக்கு நோக்கிச் சுடுவோர்க்குப் புதியதே தகும் என்போம்.