கதவை அடைத்தால் காது திறக்கும்

(தலைப்பு: ‘குடும்பத்தில் குறை தீர்ப்பது பணமே! பக்குவமே!’ அணி: பக்குவமே!)

பெருமதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! பணமே பெரிது என்று பேசிவிட்டு, போகும்போது பஸ்ஸுக்குச் சில்லறை தேடப் போகிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு)

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? ‘குறையா? கடைக்குப் போ, பெரிசா ஒண்ணை வாங்கு, தீர்ந்தது’ என்றார். ஐயா, என் வீட்டுக் கதையைக் கேளுங்கள்.

என்னிடம் ஒரு பழைய கார். அதில் எல்லாமே சத்தம் போடும், பாட்டுப் பெட்டியைத் தவிர! (சிரிப்பு) பின்சீட்டில் என் தாயார். வயது 78. பழைய பாட்டென்றால் உயிர். ‘ஏண்டா, சத்தம் வருது, வார்த்தை வரலையேடா’ என்பார். நான் வால்யூமைத் திருகுவேன். பாட்டு கரகரவென்று அழும். நாளடைவில் அம்மா கேட்பதையே விட்டுவிட்டார். ஜன்னலைப் பார்த்தபடி பேசாமல் வருவார். வயதாகிவிட்டது, அமைதியாகிவிட்டார் என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

என் மகன் எதிரணிக் கட்சி. ‘அப்பா, ஆம்ப்ளிஃபயர், டிக்கியில ஊஃபர், எல்லாம் சேர்த்து 30,000 ரூபாய்’ என்றான். காரை விற்றாலே அவ்வளவுதானய்யா வரும்! (சிரிப்பு)

தெருமுனையில் ஒரு கார் எலக்ட்ரீஷியன். பத்தாவது வரை படித்தவர். அன்றைக்கு எனக்கு அவர்தான் பேராசிரியர். ‘சார், பெட்டி மேல 50 வாட்னு போட்டிருக்கே, அது ஒரு கண உச்சத்துக்குச் சொல்ற கணக்கு. நிலையா வர்றது 15, 20 வாட்தான். அதை 40 ஆக்கினாலும் 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு ரெண்டு மடங்கா கேக்கணும்னா பத்து மடங்கு சக்தி வேணும்’ என்றார். பத்து மடங்கு கொட்டினால் இரண்டு மடங்கு பலன்! எதிரணியின் வாதம் அங்கேயே படுத்துவிட்டது.

பெட்டியின் பின்னாலிருந்து ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றி, டார்ச்லைட் செல்லை ஒரு நொடி தொட்டுக் காட்டினார். வலது ஸ்பீக்கர் வெளியே தள்ளியது; இடது உள்ளே இழுத்தது. பிளஸ்ஸும் மைனஸும் மாறிக் கிடந்தன. ஒன்று தள்ள, ஒன்று இழுக்க, கனத்த ஓசையை ஒன்றையொன்று தின்றுவிடுகின்றன. கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம் இழுத்தால் குடும்பம் என்ன ஆகும்? (கைதட்டல்) ஒயரை மாற்றிப் போட்டார். செலவு சைபர்.

அடுத்து, கதவுத் தகட்டில் ஓட்டைகள். ஸ்பீக்கரின் முன்னால் வருகிற ஓசையும் பின்னால் போகிற ஓசையும் அந்த வழியே கலந்து அழிகின்றன. ஒட்டுகிற ரப்பர் ஷீட்டால் அடைத்தார். தண்ணீர் வடிகிற அடி ஓட்டையை மட்டும் விட்டார். அதை அடைத்தால் மழைநீர் தேங்கித் துருப்பிடிக்கும். இதல்லவா பக்குவம்!

பழைய ஸ்பீக்கர்கள் கிழிந்திருந்தன. புதிது வாங்கும்போது அவர் வாட்டைப் பார்க்கவில்லை, சென்சிடிவிட்டியைப் பார்த்தார். 87 டெசிபலுக்குப் பதில் 90 என்றால், பெட்டியின் சக்தியை இரட்டிப்பாக்கிய பலன்! கடைசியாக பேஸைக் குறைத்தார். கனத்த ஓசைதான் சக்தியைக் குடிக்கிறது. அதைக் குறைத்தால் குரல் கரகரக்காமல் மேலே வரும். மொத்தச் செலவு 2,800 ரூபாய்.

இளைஞர்களுக்கு ஒரு வார்த்தை. 85 டெசிபலை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் காது தாங்கும் என்பது அமெரிக்கத் தொழில்நல ஆய்வாளர்கள் வைத்த வரம்பு. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபல் என்றால் 15 நிமிஷம்தான்! ஸ்பீக்கர் போனால் வேறு வாங்கலாம் தம்பி, செவி போனால்?

அம்மாவை ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். பாட்டு வந்தது. பின்சீட்டிலிருந்து கூடவே ஒரு முணுமுணுப்பும் வந்தது. ஐந்து நிமிஷம் கழித்து அம்மா சொன்னார்: ‘பாட்டைக் கொஞ்சம் குறைடா, பேசிக்கிட்டே போகலாம்.’

நடுவர் அவர்களே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவு அதிர்ந்த சத்தத்தில், இத்தனை நாள் நாங்கள் பேசியதே அவருக்குக் கேட்கவில்லை! மறுவாரம் காது டாக்டரிடம் போனோம். வயதானால் மேல்சுருதி ஓசைகள்தாம் முதலில் மங்கும். ச, த, ப போன்ற எழுத்துகள் நழுவும். சத்தம் கேட்கும், வார்த்தை புரியாது என்றார். இதைத்தானே அம்மா முதல் நாளே சொன்னார்! வல்லினம் மெல்லினம் நடத்துகிற நான், வால்யூமைத் திருகிக்கொண்டிருந்தேன்.

வள்ளுவர் 42-ஆவது அதிகாரத்துக்குக் ‘கேள்வி’ என்றே பெயர் வைத்து, செவி வழியே வருவதையும் செல்வக் கணக்கில் சேர்த்தார். அந்தச் செல்வத்தை என் தாய்க்குத் திருப்பிக் கொடுத்தது 30,000 ரூபாய் அல்ல. ஒரு மனிதரின் கைப்பக்குவம், கொஞ்சம் காதுகொடுத்துக் கேட்ட மனப்பக்குவம். ஆகவே, குறை தீர்ப்பது பக்குவமே, பக்குவமே!