காய்ச்சினாலும் சாகாத விஷம்



தோல் ஷாப்புகளுக்கு வேண்டிய குரோமிய உப்பைத் தயாரித்த ராணிப்பேட்டை ஆலையொன்று 1995-ல் மூடப்பட்டது. முதலாளி போய்விட்டார், ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவுக் குவியல் நமக்கு மிஞ்சியது. மழை பெய்தால் அதிலுள்ள குரோமியம் கரைந்து நிலத்தடி நீரில் இறங்கும்.

தண்ணீரைக் காய்ச்சிக் குடியுங்கள் என்று புத்தி சொல்கிறார்கள். கிருமி என்றால் சாகும். இது உலோகமாயிற்றே! தண்ணீர் சுண்டச் சுண்ட விஷத்தின் செறிவு ஏறத்தான் செய்யும். குடிநீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராம்தான் எல்லை. அந்த அளவைத் தாண்டினாலும் உடனே கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் மஞ்சளாகத் தெரியும்போது எல்லையைப் பன்மடங்கு கடந்திருக்கும்.

வேலூர் வட்டாரத் தோல் கழிவு வழக்கில் 1996-ல் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ பாழானதை அத்தீர்ப்பே கூறுகிறது. கெடுத்தவரே ஈடு கட்ட வேண்டும் என்றும் சொல்கிறது.

இதைக் கேட்டால், “ஷாப்பை மூடட்டுமா?” என்று தொழிலாளியை மிரட்டுகிறார்கள். மூடச் சொல்லவில்லை ஐயா, சுத்திகரிக்கச் சொல்கிறோம்! ஷாப்புத் தொழிலாளியும் நாற்று நடும் பெண்ணும் ஒரே கிணற்றில்தான் இறைக்கிறார்கள்.

ஒவ்வொரு கிணற்றையும் சர்க்கார் சோதித்து, முடிவைக் கிணற்றுச் சுவரிலேயே தமிழில் எழுத வேண்டும். கெட்ட கிணறுள்ள தெருவுக்கு முதலாளிகள் செலவில் குழாய்த் தண்ணீர் வர வேண்டும். வருகிற கிராம சபையில் இரு சங்கத்தாரும் சேர்ந்தே இந்தத் தீர்மானத்தைக் கொண்டு வருவோம்.