முன்சீப் வீட்டார்



முப்பத்து நான்கு ஆண்டுகள் ஆசிரியத் தொழில் புரிந்து, அவற்றுள் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் தலைமையாசிரியனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளிலும், பள்ளி இலக்கிய மன்றத் தொடக்க விழாவில் ஒரு செய்தியைத் தவறாமல் சொல்லி வந்தேன். "தமிழின் முதல் நாவலை எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளை எங்கள் குடும்பத்துப் பெரியவர். என் பாட்டனாருக்குப் பாட்டனார் அவருடைய உடன்பிறந்த தம்பி" என்பதே அச்செய்தி. மாணவர்கள் கை தட்டுவார்கள், நானும் மகிழ்வேன். அது உண்மைதானா என்று ஒரு நாளும் ஆராய்ந்தேனில்லை. ஓய்வு பெற்ற பின்னரே ஆராய நேர்ந்தது. அந்த வரலாற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

வேதநாயகம் பிள்ளை 1826-ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியை அடுத்த குளத்தூரில் பிறந்தவர். தந்தையார் சவரிமுத்துப் பிள்ளை. கத்தோலிக்கக் குடும்பம். நீதிமன்றத்தில் அலுவல் பார்த்துப் பின்னர் மாவட்ட முன்சீப் ஆனார். மாயூரத்தில் நெடுங்காலம் அப்பதவியில் இருந்தமையால் அவ்வூரின் பெயர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. மாயூரம் 1982-இல் மயிலாடுதுறை எனப் பெயர் மாறிய பின்னும் அவர் மாயூரம் வேதநாயகம் பிள்ளையாகவே இருக்கிறார். 'நீதி நூல்' இயற்றினார். பெண் கல்விக்காக எழுதினார். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழில் பெயர்த்து அச்சிட்டார். 1879-இல் 'பிரதாப முதலியார் சரித்திர'த்தை வெளியிட்டார். 1889-இல் மறைந்தார். இத்தகைய ஒருவரை உறவினர் என்று சொல்லிக்கொள்ள யாருக்குத்தான் ஆசை இராது?

என் பேத்தி ஒன்பதாம் வகுப்பில் படிக்கிறாள். தன் குடும்பத்தின் வமிசாவளியை வரைந்து வரும்படி அவளுடைய ஆசிரியை பணித்திருந்தார். பெரிய தாள் ஒன்றை விரித்து, கோடுகள் இட்டு, ஐந்து தலைமுறை வரை எழுதிவிட்டாள். பிறகு எழுதுகோலை நிறுத்தி, "தாத்தா, இங்கேயிருந்து வேதநாயகம் பிள்ளைக்கு எதை வைத்துக் கோடு போடுவது?" என்று கேட்டாள். என்னிடம் விடை இல்லை.

வமிசாவளியை ஆராய்கிறவர்கள் புகழ்பெற்ற மனிதரிடமிருந்து தொடங்கிக் கீழே இறங்கி வருதல் கூடாது. அப்படி வந்தால், மனம் விரும்பிய இடத்தில் எல்லாம் வழி இருப்பதுபோல் தோன்றும். தன்னிடமிருந்து தொடங்கி, தந்தை, பாட்டன் என்று படிப்படியாக மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஒரு சான்று வேண்டும். நானும் அவ்வாறே தொடங்கினேன்.

முதலில் வாய்மொழிச் சான்று. உறவினர் எண்மரைக் கேட்டேன். எண்மரும் உறவு உண்டு என்றே சொன்னார்கள். ஆனால் உடன்பிறந்த தம்பி என்றார் சிலர். சகோதரியின் மகன் என்றார் வேறு சிலர். "உங்களுக்கு யார் சொன்னார்கள்?" என்று தனித்தனியே கேட்டபொழுது, எல்லாரும் என் அப்பாயியையே குறிப்பிட்டார்கள். அப்படியானால் எனக்குக் கிடைத்த சாட்சி ஒருவரே. ஒரே வாய்ச்சொல் எட்டு வாய்களில் ஒலித்தது.

அடுத்தது, என் தமக்கையார் பட்டுத்துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக் காத்துவந்த 'பிரதாப முதலியார் சரித்திரம்'. ஆசிரியரே எங்கள் முன்னோருக்குக் கொடுத்த பிரதி என்பது குடும்ப நம்பிக்கை. துணியைப் பிரித்துப் பார்த்தேன். அதில் அச்சிட்டிருந்த ஆண்டு ஆசிரியர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பிற்பட்டது. கையொப்பமும் இல்லை.

எங்கள் குடும்பத்தில் வேதநாயகம் என்னும் பெயர் தலைமுறைதோறும் வருகிறதே என்றார் ஓர் உறவினர். அதுவும் போதாது. தஞ்சையில் சரபோஜி மன்னர் காலத்தில் புகழோடு விளங்கிய வேதநாயக சாஸ்திரியார் என்னும் கிறிஸ்தவக் கவிஞர் 1864 வரை வாழ்ந்தார். அவர் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்தவர். நம் நாவலாசிரியரோ கத்தோலிக்கர். ஒரே நாட்டில், ஒரே நூற்றாண்டில், உறவில்லாத இருவருக்கு ஒரே பெயர் வழங்கியிருக்கிறது அல்லவா?

பின்னர் எங்கள் பங்குக் கோயிலுக்குச் சென்றேன். கத்தோலிக்கக் கோயில்களில் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றுக்கும் தனித்தனி ஏடுகள் உண்டு. பழைய ஏடுகள் லத்தீனில் எழுதப்பட்டவை. முதிய குருவானவர் ஒருவர் அன்போடு படித்துச் சொன்னார். என் பாட்டனார், அவர் தந்தையார் என்று இரண்டு படிகள் ஏறினோம். மூன்றாவதாக, பாட்டனாருக்குப் பாட்டனாரின் திருமணப் பதிவு கிடைத்தது. மணமகனின் தந்தை பெயரைக் குருவானவர் படித்தார்: சவரிமுத்து!

என் கை நடுங்கியது. நாவலாசிரியரின் தந்தையார் பெயரும் அதுவே அல்லவா? ஊர்ப்பெயர் எழுதிய மூலையைக் கறையான் அரித்திருந்தது. அந்தக் கறையானுக்கு அன்று நான் நன்றி சொன்னேன் என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். இந்த இடத்தோடு நிறுத்திக்கொண்டால் என்ன என்று மனம் கேட்டது. கோடு போடலாம், பன்னிரண்டு ஆண்டுகள் சொன்ன சொல்லும் காப்பாற்றப்படும்.

குருவானவரோ சிரித்தார். "ஐயா, 1542-இல் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அவர் பெயரால் சவரிமுத்து, சவரிராயன் என்று நம்மவர் வைத்துக்கொண்ட பெயர்களுக்குக் கணக்கு உண்டோ? இந்த ஏட்டிலேயே எத்தனை சவரிமுத்துகள், பாருங்கள்" என்றார். எண்ணிப் பார்த்தேன். அந்தப் பத்தாண்டுகளுக்குள் மட்டும் பதினேழு பேர். தமிழருக்குக் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாகிறது. பாட்டன் பெயர் பேரனுக்கு வருகிறது. ஆகையால் பெயர் ஒன்றைக் கொண்டு ஆளைத் துணிய இயலாது. பெயர், ஊர், காலம் ஆகிய மூன்றும் பொருந்த வேண்டும்.

ஊரைக் கண்டறிய ஒரு வழி இருந்தது. பத்திரங்களைப் பதிவு செய்யும் முறை அப்பொழுதே சட்டப்படி நடைமுறைக்கு வந்துவிட்டது. பழைய பத்திரங்களில் எழுதிக் கொடுப்பவர் இன்னார் குமாரர், இன்ன ஊர், இன்ன ஜீவனம் என்ற விவரம் இருக்கும். பங்காளி ஒருவர் வீட்டுப் பரணில், 1869-ஆம் ஆண்டு எழுதிய கிரயப் பத்திரம் ஒன்று அகப்பட்டது. அதில் என் முன்னோரின் பெயர் இருந்தது. சவரிமுத்து குமாரர் என்றும் இருந்தது. விற்ற நிலமோ, தந்தையும் அவர் தந்தையும் எங்கள் ஊரிலேயே இருந்து பயிரிட்ட பிதிரார்ஜித நிலம். அடக்க ஏட்டைத் தேடினோம். அந்தச் சவரிமுத்து எங்கள் பங்குக் கல்லறையிலேயே அடக்கமாகியிருந்தார். எங்கள் சவரிமுத்து காவிரிக் கடைமடையில் ஏர் பிடித்தவர். குளத்தூர்ச் சவரிமுத்துப் பிள்ளை வேறொருவர்.

அப்படியானால் இந்தக் கதை எப்படிப் பிறந்தது? அதே பத்திரத்தில் என் முன்னோரின் ஜீவனம் என்னவென்று எழுதியிருந்தது: "மாயூரம் முன்சீப் கோர்ட்டுச் சேவகம்." 1869-இல் அந்நீதிமன்றத்தில் முன்சீப்பாக வீற்றிருந்தவர் வேதநாயகம் பிள்ளையே! அவர் கையொப்பமிட்ட சம்மன்களை வெயிலில் நடந்து ஊர் ஊராகக் கொண்டு சேர்த்தவர் என் முன்னோர். ஊரார் எங்களை 'முன்சீப் கோர்ட்டார் வீடு' என்று அழைத்திருக்க வேண்டும். நாளடைவில் நடுவில் இருந்த 'கோர்ட்டு' உதிர்ந்து 'முன்சீப் வீடு' ஆகியிருக்கும். பிறகு ஒரு பாட்டி, பேரப்பிள்ளைகளின் மனம் குளிர, முன்சீப்பை உறவினராக்கியிருப்பார். இது என் ஊகமே. பத்திரம் சொல்வது சேவகம் ஒன்றை மட்டுமே. யாரும் வேண்டுமென்று பொய் சொன்னதாக நான் கருதவில்லை.

இதைத் தமக்கையாரிடம் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. அவருக்கு வயது எண்பத்தொன்று. ஒரு நாள் சொன்னேன். நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "தம்பி, நிலத்தை ஏன் விற்றாராம்?" என்று கேட்டார். மகளின் திருமணக் கடனுக்காக என்று பத்திரத்தில் எழுதியிருந்தது. அதைச் சொன்னேன். "இத்தனை வருஷம் அந்த மனுஷனை நாம் ஒரு வார்த்தை நினைக்கவில்லையே" என்றார். என் நெஞ்சில் தைத்த சொல் அது. பெரியவர் ஒருவரின் பெயரைக் கடன் வாங்கும் பொருட்டு, மகளுக்காக நிலத்தை விற்றுவிட்டுச் சம்மன் சுமந்த சொந்தப் பாட்டனாரை நாங்கள் மறந்திருந்தோம்.

பேத்தியின் தாளில் இப்பொழுது எட்டுத் தலைமுறைகள் உள்ளன. உச்சியில் உழவர் சவரிமுத்து. அவருக்குக் கீழே, "மாயூரம் முன்சீப் கோர்ட்டுச் சேவகர், 1869" என்று அழகிய கையெழுத்தில் எழுதியிருக்கிறாள். வேதநாயகம் பிள்ளைக்குக் கோடு இல்லை.

இன்னார் இன்னாருக்கு வாரிசு என்று கூறி வருபவர்களிடம் பத்திரத்தையும் சாட்சியையும் கேட்டுத் தீர்ப்பளிப்பது அந்நாவலாசிரியரின் அன்றாட அலுவல். என் வழக்கு அவர் முன் சென்றிருந்தால் தள்ளுபடியாகியிருக்கும். நியாயமான தீர்ப்பாகவும் இருந்திருக்கும்.

மாணவர்களே, உங்கள் வீட்டிலும் முதியோர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதை இன்றே கேட்டு எழுதி வையுங்கள். யார் சொன்னார், அவருக்கு யார் சொன்னார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பத்திரங்களைக் கறையானுக்குக் கொடுக்காதீர்கள். கண்டது எதுவாயினும் அதையே எழுதுங்கள்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். என்னிடம் படித்தவர்கள் பலர் இன்று பல ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களில் எவரேனும் இப்பேச்சைக் கேட்க நேர்ந்தால், உங்கள் தலைமையாசிரியர் இலக்கிய மன்றத்தில் சொன்ன அந்த ஒரு செய்தியைத் திருத்திக்கொள்ளுங்கள். அவர் முன்சீப்பின் வழியில் வந்தவர் அல்லர்; முன்சீப்பின் சம்மன்களை ஊர் ஊராகச் சுமந்தவர் வழியில் வந்தவர்.