வரைபடத்துப் பச்சையும் வாசலண்டைத் திடலும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

இரு திங்களுக்கு முன் நம் செயலாளர் என்னை அழைத்து, "இவ்வாண்டு தாங்களும் கால்மணி நேரம் பேச வேண்டும்" என்றார். கம்பனைப் பற்றியும் வள்ளுவரைப் பற்றியும் பேசவல்ல புலமையாளர் பலர் இவ்வவையில் உளர். நானோ பள்ளியிறுதியோடு படிப்பை நிறுத்தி, இரயில்வே அலுவலகத்தில் கோப்புக் கட்டிக்கொண்டிருப்பவன். எனக்குப் பழக்கமானவை படமும் பட்டியலும் எல்லைக்கோடும்தாம். ஆதலின் நிலத்தைப் பற்றியே பேசத் துணிந்தேன். அதிலும் எவரும் வீடு கட்டாத, எவரும் வாடகை வாங்காத நிலத்தைப் பற்றி.

நம்மிற் பலருடைய முன்னோர் தஞ்சையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் பாலக்காட்டிலிருந்தும் இந்நகருக்கு வந்தவர்கள். ஊரில் மந்தை என்று ஒரு வெளி இருந்தது, ஆற்றுமணல் இருந்தது, அறுவடை முடிந்தால் களமே பிள்ளைகளின் ஆடுகளம். அவை யாருடையவை என்று நாம் கேட்டதில்லை. மும்பையிலோ ஒரு சாண் நிலத்துக்கும் சர்வே எண் உண்டு, விலை உண்டு, அதன்மேல் கண் வைத்தவரும் உண்டு. இங்கே கேளாதிருத்தல் இயலாது.

இந்நகரின் வெளிகள் எவ்வாறு பிழைத்தன என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கோட்டைப் பக்கத்து ஓவல், கிராஸ், ஆசாத் மைதானங்கள் ஒரே பெருவெளியின் துண்டுகள். கோட்டையிலிருந்து பீரங்கி சுடுவதற்குப் பார்வை மறையலாகாது என்று படைத்துறையினர் அவ்வெளியில் கட்டடம் எழாமற் காத்தனர். 1860களில் கோட்டை மதில் இடிக்கப்பட்டது. பீரங்கிக்கு வேலையில்லாது போயிற்று. எஞ்சிய வெளியில் இன்று நம் பிள்ளைகள் பந்தடிக்கிறார்கள். போரிவலிக் காடும் அவ்வாறே. 1860இல் விஹார் ஏரியும், 1879இல் துளசி ஏரியும் குடிநீருக்காகக் கட்டப்பட்டன. நீர்ப்பிடிப்பு நிலம் கெடலாகாது என்று ஏரிகளைச் சூழ்ந்த காட்டை விட்டுவைத்தார்கள். அதுவே வளர்ந்து, ஏறத்தாழ 104 சதுர கிலோமீட்டர் பரப்புடைய தேசியப் பூங்காவாய், சிறுத்தை உலவும் காடாய், இன்று நகரின் நடுவே நிற்கிறது.

பிள்ளைகளை நினைத்து விட்டுவைத்தவை அல்ல இவ்விரண்டும். குடியிருப்பை வரையும்போதே தோட்டத்தையும் சேர்த்து வரைந்ததற்கு நல்ல சான்று வேண்டுமாயின், நம்மவர் பலர் வாழும் மாதுங்காவுக்கே வரலாம். 1896இல் பிளேக் என்னும் கொள்ளைநோய் இந்நகரை வாரிச் சென்றது. காற்றும் வெளிச்சமும் புகாத சந்துகளே அதற்குக் காரணம் என்று எண்ணி, 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் ஒன்றை அமைத்தார்கள். அது தீட்டிய தாதர் மாதுங்காத் திட்டத்தில் பிறந்தவையே, மாலைதோறும் நம் பாட்டிமார் அமர்ந்து ஊர்க்கதை பேசும் ஐந்து தோட்டங்கள்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். நகரவாசி ஒருவருக்குப் பத்து முதல் பன்னிரண்டு சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்று நடுவணரசு 2014இல் வெளியிட்ட நகரமைப்பு வழிகாட்டுதல் சொல்லுகிறது. மும்பையில் ஒருவருக்குக் கிடைப்பது ஒரு சதுர மீட்டரும் சில்லறையுந்தான் என்பது பலரும் எடுத்துரைக்கும் கணக்கு. ஒருவர் படுக்கும் கோரைப்பாயின் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்குச் சட்டம் இல்லையா? உண்டு. 1966ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வட்டார, நகரமைப்புச் சட்டம் மாநிலம் முழுமைக்கும் உரியது. ஒவ்வொரு நகரமும் வளர்ச்சித் திட்டம் தீட்ட வேண்டும். அதில் பூங்காவுக்கும் ஆடுகளத்துக்கும் பசுமை வளையத்துக்கும் இடம் குறிக்கலாம். இருபதாண்டுக்கொருமுறை அதனைத் திருத்த வேண்டும். மும்பைக்கு 1967, 1991, 2018 என்று மூன்று திட்டங்கள் வந்துவிட்டன. படத்தை விரித்தால் ஆங்காங்கே பச்சை நிறம் கண்ணைக் குளிர்விக்கும்.

ஆனால் படத்தில் பச்சை பூசிய நிலம் பலவிடத்தும் தனியாருடையது. நகராட்சி பணம் கொடுத்து வாங்கினால்தான் அது பொதுநிலமாகும். அச்சட்டத்தின் 127ஆம் பிரிவை எத்தனை பேர் அறிவார்கள் என்று எனக்கு ஐயம். திட்டம் நடைமுறைக்கு வந்து பத்தாண்டுக்குள் நிலத்தை வாங்காவிடில், உடையவர் நோட்டீஸ் கொடுக்கலாம். அதன்பின் சட்டம் தரும் தவணைக்குள்ளும் வாங்கும் வழி பிறவாவிடில் ஒதுக்கீடு தானே அற்றுப்போகும். அத்தவணை முதலில் ஆறு மாதமாக இருந்தது, பின்னர் நீட்டினார்கள். உடையவர் பக்கம் நின்று பார்த்தால் இதில் அநியாயம் ஏதுமில்லை. ஒருவருடைய நிலத்தை விலையும் கொடாமல், விற்கவும் விடாமல் எத்தனை காலம் கட்டிவைப்பது? குறை பிரிவில் இல்லை, பெட்டியில் இருக்கிறது. பச்சை பூசுவதற்கு மை கிடைக்கிறது, வாங்குவதற்குப் பணம் கிடைப்பதில்லை.

பணமில்லாக் குறையைத் தீர்க்க 1991இன் விதிகளில் ஓர் உபாயம் கண்டார்கள். ஒதுக்கப்பட்ட நிலத்தை உடையவர் நகராட்சியிடம் ஒப்படைத்தால், ரொக்கத்துக்குப் பதிலாக, வேறிடத்தில் கூடுதலாகக் கட்டிக்கொள்ளும் உரிமை கிடைக்கும். அதனை விற்கவுஞ் செய்யலாம். இதனால் சில திடல்கள் பொதுமக்கள் கைக்கு வந்தன, மறுப்பதற்கில்லை. ஆயினும் ஓரிடத்தில் திடல் பிறக்க, மற்றோரிடத்தில் மாடி ஏறுகிறது. அம்மாடியில் குடியேறியவர் பிள்ளைகளுக்குத் திடல் எங்கே என்ற கேள்வி மறுபடி முளைக்கிறது.

இக்கேள்வி, நம் சட்டம் பிறந்த அதே பத்தாண்டில், கடல் கடந்து அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் எழுந்தது. அங்கே கண்ட விடை வேறு. அதனைச் சற்று விரித்துரைக்க இசைவு வேண்டுகிறேன்.

போருக்குப்பின் அந்நாட்டில் கார் பெருகிற்று, ஓய்வு நாள் பெருகிற்று; ஏரிக்கரையும் காடும் தனியார் வேலிக்குள் சென்றுகொண்டிருந்தன. 1958இல் அந்நாட்டுப் பேரவை ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. லாரன்ஸ் ராக்பெல்லர் அதற்குத் தலைவர். அக்குழு 1962இல் அறிக்கை தந்தது. 1964 செப்டம்பர் 3ஆம் நாள் அதிபர் லிண்டன் ஜான்சன் நில, நீர்ப் பாதுகாப்பு நிதிச் சட்டத்தில் ஒப்பமிட்டார். நிதியில் ஒரு பகுதி நடுவணரசே நிலம் வாங்குதற்கு. ஒரு பகுதி மாநிலங்களுக்கு. மாநிலம் பணம் பெற வேண்டுமாயின், தன் எல்லை முழுவதற்கும் திறந்தவெளிப் பொழுதுபோக்குக்கென்று ஒரு திட்டம் தீட்டியிருத்தல் வேண்டும். மக்கள் எங்கே எவ்வளவு வாழ்கிறார்கள், நடக்க, நீந்த, மீன்பிடிக்க, கூடாரமடிக்க அவர்களுக்கு என்ன உண்டு, என்ன இல்லை என்று கணக்கெடுத்து, மக்களையும் கலந்துகொண்டு, ஐந்தாண்டுக்கொருமுறை அதனைப் புதுப்பிக்க வேண்டும். அதன்பின் ஊராட்சியோ நகராட்சியோ ஒரு திடல் வேண்டுமென்று கேட்டால், செலவில் பாதி வரை அந்நிதியிலிருந்து வரும். மீதியை அவர்கள் போட வேண்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த செய்தி. 1968இல் செய்த திருத்தப்படி, கடலடியில் எண்ணெயும் எரிவாயுவும் எடுக்கும் கம்பெனிகள் அரசுக்குச் செலுத்தும் தொகையில் ஒரு பங்கு இந்நிதிக்கு வருகிறது. எடுத்தால் தீர்ந்துபோகும் எண்ணெயை விற்ற காசில், தீராத நிலத்தை வாங்கி வைக்கிறார்கள். பாட்டியின் நகையை விற்க நேர்ந்தால் அக்காசில் ஒரு காணி வாங்கிப் போடும் குடும்பத்துக்காரர் யோசனை இது.

அதனினும் அருமையானது ஒரு நிபந்தனை. இந்நிதியால் உண்டான திடலை வேறு பயனுக்கு மாற்றுதல் எக்காலத்தும் எளிதன்று. நடுவணரசின் இசைவு பெற வேண்டும். ஈடாக வேறு நிலம் தர வேண்டும். அந்நிலம் விலையில் குறையாததாகவும், பயனிலும் இருப்பிடத்திலும் ஏறத்தாழ ஒத்ததாகவும் இருத்தல் வேண்டும். இருப்பிடம் என்ற சொல்லைக் கவனியுங்கள். நம் நாட்டிலும் 1980ஆம் ஆண்டின் வனப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ், அழியும் காட்டுக்கு ஈடாக மரம் நடும் ஏற்பாடு உண்டு. ஆனால் அம்மரம் வேறு மாவட்டத்திலும் நடப்படலாம். மாதுங்காக் குழந்தைக்கு விதர்ப்பத்தில் நிழல் கிடைத்து என்ன பயன்?

அந்நாட்டிலும் எல்லாம் ஒழுங்காக நடந்துவிட்டது என்று சொல்ல வரவில்லை. ஆண்டுக்கு 90 கோடி டாலர் வரை ஒதுக்கலாம் என்று சட்டம் இருந்தும், பல ஆண்டுகள் பேரவை அதிற் பாதியும் கொடாது வேறு செலவுக்குத் திருப்பிற்று. 2018 செப்டம்பரில் சட்டமே காலாவதியாயிற்று. 2019 மார்ச்சில் நிரந்தரமாக்கினார்கள். 2020 ஆகஸ்டில் முழுத்தொகையும் தவறாது தரப்பட வேண்டும் என்று விதித்தார்கள். இவ்வளவு தடுமாற்றத்துக்கு நடுவிலும், மாநிலங்களிலும் ஊர்களிலுமாக நாற்பதாயிரத்துக்கு மேற்பட்ட பணிகளுக்கு அந்நிதி உதவியிருக்கிறது. சின்னஞ்சிறு பேட்டையின் ஊஞ்சலும் நீச்சற்குளமும் அதில் அடக்கம்.

நம் மாநிலச் சட்டத்தில் வரைபடம் இருக்கிறது. வற்றாத நிதியும் அவிழாத கட்டும் இல்லை. கேட்டுப் பெற வேண்டியவை அவை இரண்டும் என்பது என் கருத்து. நீதிமன்றம் ஓரளவு துணை நிற்கிறது. பெங்களூரில் ராஜமகால் விலாஸ் விரிவாக்கப் பகுதியில், பூங்காவுக்கென விட்ட இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தபோது அப்பகுதி மக்கள் வழக்காடினர். 1991இல் உச்ச நீதிமன்றம், பூங்கா நிலத்தை அவ்வாறு தருதல் செல்லாது என்றும், அதனை எதிர்த்து வழக்காட அங்குக் குடியிருப்போர்க்கு உரிமை உண்டென்றும் தீர்ப்பளித்தது.

இனி நம்மவரைப் பற்றி ஒரு சொல். பொதுவெளியை மிகுதியாகப் பயன்படுத்துகிறவர் நாம். நம் வீடுகள் சிறியவை. பொங்கல் விழாவுக்கும் பிள்ளைகளின் ஓட்டப்பந்தயத்துக்கும், இதோ இந்த ஆண்டு விழாப் பந்தலுக்கும் திடலே கதி. ஆயினும் திடலைப் பற்றிய பேச்சு எழும்போது, "நாம் வெளியூர்க்காரர், நமக்கேன்?" என்று ஒதுங்குகிறவரும் நாமே. மூன்று தலைமுறையாக இங்கே வரி கட்டிவிட்டு, இன்னும் நாம் வெளியூர்க்காரரா? 2015இல் மும்பையின் புதிய வளர்ச்சித் திட்ட வரைவு வெளியானபோது, பிழைகள் மலிந்திருக்கக் கண்டு நகர மக்கள் ஆயிரமாயிரமாக ஆட்சேபம் எழுதினார்கள். ஏப்ரலில் மாநில அரசு அவ்வரைவை நிறுத்தித் திருத்தச் சொல்லிற்று. திருத்திய வரைவு மறு ஆண்டு வந்தது. எழுதியவர்கள் எல்லாரும் வக்கீல்கள் அல்லர். தம் தெருவின் படத்தைப் பார்த்தவர்கள், அவ்வளவே.

இன்னொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. தாராவியை ஒட்டி, மிட்டி ஆற்றங்கரையில், நகரத்துக் குப்பை கொட்டிய மேடொன்று இருந்தது. அதன்மேல் மண்பரப்பி மரம் வளர்த்து, 1994இல் 37 ஏக்கர் இயற்கைப் பூங்காவாகத் திறந்தார்கள். நம் மக்கள் பல்லாயிரவர் வாழும் பகுதிக்கு அது அண்டை. பூங்காவாகும் என்று ஒருவரும் நம்பாத நிலம் அது.

முடிக்குமுன் ஒரு வேண்டுகோள். 2018ஆம் ஆண்டுத் திட்டத்தின் படத்தாள்கள் யாவரும் காணக் கிடைப்பவை. நம் இளைஞர் நால்வர் சேர்ந்து, நம் காலனியைச் சுற்றிய தாள்களை எடுத்து, பச்சை நிறமிட்ட ஒவ்வோரிடத்தையும் நேரிற் சென்று பார்த்து, நிலம் யார் பெயரில் உள்ளது, நகராட்சி வாங்கியதா, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று ஒரு பட்டியல் எழுத வேண்டும். எழுதுவதில் ஐயம் எழுந்தால் மாலை ஏழு மணிக்குமேல் நான் வீட்டிலிருப்பேன். அத்திட்டத்தில் புதிதாக ஒதுக்கிய நிலங்களுக்குப் பத்தாண்டுக் கெடு 2028இல் நிறைவுறுகிறது. அதன்பின் உடையவர் நோட்டீஸ் கொடுக்கத் தொடங்கலாம். அதற்குமுன், வாங்கப்படாத இடங்கள் இவை என்று சர்வே எண்ணோடு வார்டு அலுவலகத்துக்கும் நகராட்சி உறுப்பினர்க்கும் சங்கத்தின் பெயரால் மராத்தியிலேயே கடிதம் போக வேண்டும். மராத்தி நன்கறிந்த பெண்மணிகள் இம்முன்வரிசையிலேயே நால்வர் அமர்ந்திருக்கக் காண்கிறேன்.